பெயர் மறைத்த விண்ணப்பம்

லாக்லன் ரீட் சிரித்தால் இரண்டாம் மாடி முழுக்கக் கேட்கும். டூசான் நகரத்து வெயிலில் காய்ந்து, கணினித் திரையில் கண் பூத்துப்போன மனிதர்கள் நடமாடும் அந்த வானியல் நிறுவனத்தில் அப்படி வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவன் ஒருவன்தான். நியூசிலாந்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. வெஸ்லி ஹார்கின்ஸுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், சத்தத்தில் வேலை ஓடவில்லை என்பான். உண்மைக் காரணம் வயிற்றெரிச்சல், அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

வெஸ்லி சாதாரண ஆள் இல்லை. பத்தொன்பது வருடமாக விண்மீன்களுக்கு ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தவன். இத்தனை எடையுள்ள விண்மீன் இத்தனை லட்சம் வருடம் வாழும், இந்த வயதில் இவ்வளவு சுடும், இன்ன நிறத்தில் ஒளி விடும் என்று அவன் போட்ட அட்டவணையை உலகமே எடுத்துப் புழங்கியது. தொலைதூரத்தில் புதிதாய் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஓர் இளம் மண்டலத்தைப் பார்த்தால், ஹார்கின்ஸ் அட்டவணையைப் பிரித்து, அதற்கு என்ன வயது என்று சொல்லிவிடுவார்கள். அந்த அட்டவணையில் ஒவ்வொரு விண்மீனும் தனி. தனியாகப் பிறக்கும், தனியாக எரியும், தனியாகச் செத்துப்போகும்.

லாக்லன் வந்து அதில்தான் கை வைத்தான். பெரிய விண்மீன்களில் முக்கால்வாசி ஜோடியாகத்தான் இருக்கின்றன என்றான். ஒன்று வயதாகி ஊதிப் பெருக்கும்போது பக்கத்தில் இருப்பது அதன் மேல்தோலை உருவி விழுங்கிவிடும். உரிபட்ட விண்மீனின் கொதிக்கும் நெஞ்சு வெளியே வந்து புற ஊதா ஒளியை வாரி இறைக்கும். விழுங்கியதோ எடை கூடி மறுபடி இளமையாகிவிடும். ஐந்து மில்லியன் வருடத்தில் அடங்கிப்போக வேண்டிய சுடரொளி இதனால் இருபது, முப்பது மில்லியன் வருடம் நீடிக்கும். புதிய தொலைநோக்கிகள் காட்டிய இளம் மண்டலங்களின் ஒளி வெஸ்லியின் அட்டவணைக்குள் அடங்கவே இல்லை. லாக்லனின் கணக்குக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகு நடந்ததை வெஸ்லி பக்கத்திலிருந்து பார்த்தான். முதலில் மரியாதைக்கு இரண்டு கணக்கையும் போட்டார்கள். போன வருட மாநாட்டில் வரைபடத்தில் அவனுடைய கணக்கை அடியில் புள்ளிக் கோடாகப் போட்டு, பழைய முறை என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனார்கள். நாற்பத்தாறு வயதில், உயிரோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, பழைய முறை.

இதையும் அவன் விழுங்கியிருப்பான். ரமோனா இல்லாவிட்டால்.

ரமோனா எஸ்கலாந்தே அவன் மனைவி. டூசானின் தென்பகுதியில் பிறந்து வளர்ந்தவள், விண்மீன் மண்டலங்களில் மிதக்கும் தூசியைப் பற்றி ஆராய்பவள். தெருவுக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை, மூன்று வருடத் தற்காலிக வேலை. அதற்கு முன் நான்கு வருடம் அவள் மான்ட்ரியாலில், இவன் இங்கே. வானியல்காரர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டால் வரும் வியாதி இது. ஒரே ஊரில் இரண்டு வேலை கிடைக்காது. இப்போது ஆகஸ்டோடு அவள் வேலை முடிகிறது. மான்ட்ரியாலுக்கும் அப்பால் ஹாலிஃபாக்ஸிலிருந்து நிரந்தர வேலை தருகிறோம் என்று கடிதம் வந்திருந்தது, மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். துறைத்தலைவரோ, சிலியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் இந்தத் தடவை உனக்கு நேரம் கிடைத்தால் இங்கேயே நிரந்தரமாக்கப் போராடுகிறேன் என்றிருந்தார். கிடைத்தால் அவள் வீட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் மறுபடி விமான நிலையம், மறுபடி திரையில் முகம் பார்த்துச் சாப்பாடு.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தினமும் பத்து மணிக்கு நிறுவனத்தில் காபிக் கூட்டம் உண்டு. தெருவுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் வருவார்கள். அன்றைக்கு வெளியான ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். எழுதியவன் அந்த அறையிலேயே இருந்தாலும் தன் கட்டுரையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, வேறு யாராவதுதான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பழக்கம். அன்றைக்கு லாக்லனின் கட்டுரை வந்திருந்தது. எழுந்து நின்றவள் ரமோனா.

பத்து நிமிடம் பேசினாள். தாளைப் பார்க்காமல் பேசினாள். உரிபட்ட விண்மீன்கள் எப்படி ஒரு மண்டலத்தின் வயதையே மறைத்துவிடும் என்று பலகையில் வரைந்து காட்டினாள். வெஸ்லி கோப்பையைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அட்டவணையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் இப்படி மலர்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். ஆறு வருடம்.

"இன்னைக்கு உங்க கோடு புள்ளியாகூட இல்லியே, வெஸ்லி," என்றாள் பக்கத்தில் இருந்த நதீன். வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்கு. "ஒரு ஓரமா கமாவாவது போட்டிருக்கலாம்."

லாக்லன் சிரித்தான். ரமோனாவும் சிரித்தாள். வெஸ்லியும் சிரித்துவைத்தான், வேறென்ன செய்ய.

கூட்டம் கலைந்து தெருவைக் கடக்கும்போது அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் பேப்பர நீ எதுக்கு சொல்லணும்?"

"யாராவது சொல்லித்தான ஆகணும். அவன் வாயத் திறக்கக் கூடாதே."

"யாராவதுன்னா, நீதானா?"

"நான் படிச்சிருந்தேன், சொன்னேன். நீ படிச்சியா?"

மூன்று தடவை படித்திருந்தான். "மேலோட்டமா பாத்தேன்."

"பொய். ஓரத்துல பென்சில் கிறுக்கலோட உன் மேசையில கெடக்கு."

"ரெண்டு மாசமா சாயங்காலமானா அவன் ரூம்லதான் இருக்க. அங்க என்ன நடக்குது?"

ரமோனா நடப்பதை நிறுத்தினாள். "கணக்கு நடக்குது. வெஸ், ஒண்ணு கேளு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் பேர எடுத்தா உன் மூஞ்சி கோணிக்குது. சாப்பாட்டு மேசையில ரெண்டு நாள் பேச்சு நின்னு போகுது. அப்புறம் நான் எப்படி சொல்றது?"

"டெலஸ்கோப் ப்ரொபோசல் அனுப்பிட்டியா, இல்லியா?"

"அனுப்பிட்டேன்."

"தூசி பத்திதான?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "கெடைக்கட்டும், சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தூசிதான் என்று வெஸ்லி முடிவு கட்டிக்கொண்டான். பதினொரு வருடமாக அவளுக்குத் தூசிதானே.

அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு முறை உண்டு. நேரம் கேட்டு விண்ணப்பித்தவர்களே ஆளுக்கு எட்டு விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும். வெஸ்லியும் சின்னதாக ஒன்று கேட்டிருந்ததால் அவனுக்கும் எட்டு வந்தது. எதிலும் பெயர் இருக்காது. எழுதியவர் யார் என்று ஊகிக்கக் கூடாது, ஊகித்துவிட்டால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். குடும்பத்தார், கூட்டாளிகள் எழுதியவை வந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவரும் தங்கள் உறவுப் பட்டியலைப் பதிந்து வைக்க வேண்டும். வெஸ்லி அதைப் பதிந்தது பதிமூன்று வருடத்துக்கு முன், பிரம்மச்சாரியாக இருந்தபோது. வருடாவருடம் 'இது இன்னும் சரிதானா' என்று கணினி கேட்கும், எல்லோரையும் போல அவனும் படிக்காமலே ஆம் என்று தட்டிவிடுவான். ரமோனா வேறு நிறுவனம், வேறு குடும்பப் பெயர். கணினிக்கு என்ன தெரியும்.

சனிக்கிழமை காலை ரமோனா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வெஸ்லி சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் ஐந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஆறாவதைத் திறந்ததும் நிமிர்ந்துவிட்டான்.

ஒன்பது சின்ன மண்டலங்கள், புதிதாய் விண்மீன்கள் பிறக்கும் இடங்கள். அவற்றின் ஒளியில் ஹீலியத்தையே உடைக்கும் அளவுக்கு வலுவான கதிர் எங்கிருந்து வருகிறது? ஜோடி விண்மீன்களில் உரிபட்டதிலிருந்து என்கிறது விண்ணப்பம். கண்டுபிடிக்க முப்பது மணி நேரம் கேட்கிறது. கணக்கு லாக்லனுடையது. அந்த ஒன்பது பெயர்களையும் லாக்லனின் அறைப் பலகையில் கதவு வழியாகப் பார்த்திருக்கிறான். வரைபடங்களில் லாக்லன் வழக்கமாகப் போடும் அதே ஆரஞ்சு, அதே நீலம். ஊகிக்க என்ன இருக்கிறது, இது அந்தச் சிரிப்புக்காரன்தான் என்று வெஸ்லிக்குப் பட்டது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

படித்தான். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் கண் நின்றது. தாங்கள் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், அப்படியென்றால் எந்த ஒளிக்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும் என்று எழுதியவரே முன்வந்து சொல்லியிருந்தார். வெஸ்லி அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். ஜன்னல் வழியே எதிர்வீட்டுக்காரன் தோட்டத்துக் குழாயோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பிறகு எழுதினான், பாருங்கள், அப்படி ஓர் எழுத்து. ஒவ்வொரு வாக்கியமும் மரியாதையாக இருந்தது, ஒவ்வொன்றிலும் ஊசி இருந்தது. இப்போதைய மோஸ்தரை நம்பி நேரம் கேட்கிறார்கள் என்றான். முப்பது மணி நேரம் வீண் என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். வேகமாகச் சுழலும் தனி விண்மீன்களே இந்தக் கதிரில் முப்பத்தெட்டு சதவீதம் வரை தர முடியும், விண்ணப்பதாரர் அதை அறிந்ததாகத் தெரியவில்லை என்றும் சேர்த்தான். அந்த முப்பத்தெட்டு அவன் குளிர்காலத்தில் கண்டுபிடித்த கணக்கு, இன்னும் எங்கும் வெளியாகாதது. மூளை உள்ளவன் அதைப் பெயர் மறைத்த மதிப்புரையில் போட மாட்டான். ஆனால் பொறாமைக்காரனின் ஆசை விசித்திரமானது. அடித்தது யார் என்று தெரியக் கூடாது, அடித்தது பெரிய கை என்று மட்டும் தெரிய வேண்டும்.

இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைப் போட்டான். ஒரு விண்ணப்பம் விழுந்தால் இன்னொன்று மேலே ஏறும், ரமோனாவுடையதும் ஏறலாம், ஆக இதுவும் வீட்டுக்குச் செய்கிற நல்லதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். குளிர்பெட்டியில் மாமியார் கொடுத்தனுப்பிய தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையில் இரண்டைச் சுடவைத்து, நின்றபடியே ருசித்துச் சாப்பிட்டான்.

முடிவுகள் மே பன்னிரண்டாம் தேதி காலையில் வந்தன. ரமோனா சாப்பாட்டு மேசையில் இருந்தாள், வெஸ்லி அடுப்பில் டோர்ட்டியா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். அவள் கணினியில் வந்ததை மேலும் கீழும் ஓட்டிப் படித்தாள்.

"கெடைக்கல," என்றாள்.

வெஸ்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். நிஜமாகவே அவனுக்கு வருத்தம்தான். "எவ்வளவுல போச்சு?"

"ஒரே எடத்துல. எனக்கு மேல இருக்கிறது வரைக்கும் நேரம் குடுத்துட்டாங்க. ஏழு பேரு நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் குழியில தள்ளியிருக்காரு."

"எவன் அவன்? தூசியப் பத்தி என்ன தெரியும் அவனுக்கு?"

"தூசி இல்ல, வெஸ். ஜோடி ஸ்டார்ஸ். லாக்லன்கிட்ட ரெண்டு மாசமா அதத்தான் கத்துக்கிட்டிருந்தேன். அவனுக்கு இதுல பங்கு இல்ல, அவன் தனியா வேற கேட்டான், அவனுக்கு நாப்பது மணி நேரம் கெடச்சாச்சு. இது நான் மட்டும் எழுதினது."

வெஸ்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"படிக்கிறேன், கேக்குறியா?" என்றாள். "'வேகமாகச் சுழலும் தனி விண்மீன்களே இந்தக் கதிரில் முப்பத்தெட்டு சதவீதம் வரை தர முடியும்.' இந்த முப்பத்தெட்டு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

"எங்கயோ... பாத்த மாதிரி இருக்கு."

"எங்கயும் இல்ல. பிப்ரவரில ஒரு நாள், இதே அடுப்புல முட்டை பொரிச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்ன. வேற யார்கிட்டயும் சொல்லாத, வெளிவர்ற வரைக்கும் உனக்கும் எனக்கும் மட்டும்னு சொன்ன. நான் லாக்லன்கிட்டகூட வாயத் திறக்கல. உன் கணக்குன்னுதான் ப்ரொபோசல்லயும் அதப் போடல."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று வெஸ்லிக்கு இருந்தது.

"யாருன்னு நெனச்சு எழுதின?"

"லாக்லன்," என்றான். "சத்தியமா. அவன் கணக்கு, அவன் பலகையில இருந்த பேருங்க. அவனத் தள்ளிவிட்டா உனக்கு எடம் கெடைக்கும்னு..."

ரமோனா கண்ணை மூடித் திறந்தாள். கை இரண்டையும் முகத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

"மடையா," என்றாள். அந்த வார்த்தையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. "அவன் மேல உனக்கு இருக்கிற எரிச்சல் ஊருக்கே தெரியும். அது எனக்குப் பழகிப்போச்சு. பண்ணினது அசிங்கம்தான், ஆனா அத நான் தாங்கிப்பேன். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு கிளம்பி மேலே வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வாழ்நாள் முழுக்க அவள் அவனை மன்னித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் பதினொரு வருடமாக அவனுக்குப் பழகிய முகம் அது. எல்லாக் கேவலத்துக்கும் மேல் இன்னொரு பொய்யை அதன் முன்னால் வைக்க அவனால் முடியவில்லை.

"ரமோனா. ரெண்டாம் பக்கம்," என்றான்.

"என்ன ரெண்டாம் பக்கம்?"

"தப்பா இருந்தா எப்படித் தெரியும்னு எழுதியிருந்தியே. அப்படி லாக்லன் எழுத மாட்டான். இந்தத் தொழில்லயே அப்படி எழுதுறது ஒரே ஒரு ஆளுதான். நின்னுட்டேன். எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குத் தெரிஞ்சிருந்தது. அப்புறம் தெரியலன்னு வெச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

வெஸ்லி மேசையைப் பார்த்தான். "நல்லா இருந்துச்சு. பத்து வருஷமா நான் எழுதின எதவிடவும் நல்லா இருந்துச்சு. அவன் என்னத் தாண்டிப் போனா எரியுது, அவ்வளவுதான். நீ தாண்டிப் போறத..." முடிக்கவில்லை.

ரமோனா நெடுநேரம் அவனைப் பார்த்தாள். கோபம் இருந்தால் அவன் அடையாளம் கண்டுகொண்டிருப்பான். அவள் பார்வையில் இருந்தது வேறு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கும்போது வருகிற கவனம்.

பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து ஹாலிஃபாக்ஸ் கடிதத்தைத் திறந்தாள். ஏற்கிறேன் என்று தட்டினாள். அந்தப் படிவங்களின் கடைசியில் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும். இந்தத் தொழிலின் வியாதிக்கென்றே பிறந்த கேள்வி அது: உங்கள் துணைக்கும் இங்கே வேலை தேடித் தர வேண்டுமா? கல்யாணம் ஆன வானியல்காரர்கள் அந்த இடத்தில் கணவன் பெயரையோ மனைவி பெயரையோ எழுதி, சாமியைக் கும்பிட்டுவிட்டு அனுப்புவார்கள்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வெஸ்லிக்குத் திரை தெரியவில்லை. அவள் விரல் மட்டும் தெரிந்தது. அது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"என்ன போட்ட?" என்று கேட்டான்.

"வேண்டாம்னு போட்டேன்," என்றாள் ரமோனா.